கருவி கொடுத்தால் போதுமா?

மணி அடிக்கும்போது தொடங்கி, மீண்டும் மணி அடிக்கும்போது முடிந்துவிடுவதையே கல்வி என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அம்மணிகளுக்கு அப்பால் ஒரு மாணவர் தாமே விரும்பி ஈடுபடும் ஓவியம், இசை, அழகெழுத்து, ஒளிப்படம் முதலியவற்றைப் 'பொழுதுபோக்கு' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கி விடுகிறோம். பொழுதைப் போக்குவது வேறு. பொழுதை ஆக்குவது வேறு. எவரும் ஏவாமல், மதிப்பெண்ணை எதிர்பாராமல், ஓர் இளைஞர் தாமாகத் தொடங்கிய படைப்புப் பழக்கம் அவருடைய வாழ்வில் அரிதாக முளைக்கும் ஒரு விதை. அதை மூத்தவர்களாகிய நாம் எவ்வாறு பேணுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒளிப்படக் கலையை எடுத்துக்கொள்கிறேன். மக்கள் வழக்கில் 'போட்டோ' என்றும் 'புகைப்படம்' என்றும் வழங்குவது அதுவே. நான் பள்ளியில் பயின்ற காலத்தில் எங்கள் தெருவில் கேமரா இருந்த வீடுகளை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடலாம். இன்று ஏறத்தாழ ஒவ்வொரு மாணவரின் பையிலும் அது கைப்பேசியாக இருக்கிறது. கருவிக்குப் பஞ்சமில்லை. எடுத்த படத்தை உடன் அமர்ந்து பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. இளையோரின் கலை ஆர்வத்திற்கு நாம் தரக்கூடிய பேருதவி கருவியன்று, பரிசுமன்று. அவர் செய்ததை அவருடன் அமர்ந்து பார்க்கும் நேரமே ஆகும். இதை நான் நூல்களிலிருந்து முதலில் கற்கவில்லை. என் தவற்றிலிருந்து கற்றேன்.

என் தவறு

2014ஆம் ஆண்டு. பத்தமடைப் பாய்க்குப் பெயர் பெற்ற வட்டாரத்திலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவர், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே தயங்கி நின்றார். தம் கைப்பேசியை நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். அவருடைய பாட்டியார் கோரைப்பாய் நெய்யும் படங்கள் அதில் இருந்தன. முகம் ஒன்றிலும் இல்லை. விரல்கள், தறியின் பாவு நூல், நீரில் ஊறிய கோரையின் பளபளப்பு ஆகியவையே இருந்தன. நாற்பது ஐம்பது படங்கள் இருக்கும். நான் ஐந்தாறு படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தேன். "மிக நன்றாக இருக்கிறது. தேர்வு நெருங்குகிறது, படிப்பையும் கவனித்துக்கொள்" என்று கூறிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல ஆசிரியராக நடந்துகொண்டதாகவே அன்று எண்ணினேன். பாராட்டினேன், அறிவுரையும் கூறினேன். வேறென்ன வேண்டும்?

சில ஆண்டுகள் கழித்து ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். இடுப்பில் குழந்தை இருந்தது. இன்னும் படம் எடுப்பதுண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் அப்போதே விட்டுவிட்டேன் சார். நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை" என்றார். குறை கூறும் எண்ணம் அவர் குரலில் இல்லை. பாட்டியார் காலமாகிவிட்டார் என்றும், அந்தக் கைப்பேசி பழுதானபோது படங்களும் போய்விட்டன என்றும் பேச்சினூடே சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திட்டினால்தான் ஆர்வம் கெடும் என்று நாம் நினைக்கிறோம். பாராத பாராட்டும் அதைக் கெடுக்கும். 'நன்றாக இருக்கிறது' என்னும் சொல்லைக் கதவைச் சாத்துவதற்கு நான் பயன்படுத்தியிருந்தேன். "எந்தப் படம் உனக்குப் பிடித்தது? ஏன்?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவர் அடுத்த வாரமும் வந்திருப்பார். ஒரு மூதாட்டியின் கைத்திறன் படமாகவேனும் எஞ்சியிருக்கும்.

இருட்டறையில் கற்ற பாடம்

இத்தவற்றைச் செய்வதற்கு எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. ஏனெனில் என் இளமையில் எனக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். அது 1995ஆம் ஆண்டு. வளைகுடா நாட்டில் பணிபுரிந்த என் வாப்பா விடுமுறையில் வந்தபோது ஒரு யாஷிகா கேமரா வாங்கித் தந்தார். ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். சுருளின் விலை, அதைக் கழுவும் கூலி, அச்சிடும் கூலி என்று கணக்கிட்டால், விரலை அழுத்துமுன் பத்து முறை சிந்திக்க வேண்டும்.

எங்கள் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரை ஊரில் எல்லோரும் 'ஸ்டூடியோ மாமா' என்றே அழைப்பார்கள். என் சுருளை வெளியூர் லேபுக்கு அனுப்பிப் படங்களை வரவழைத்துத் தருபவர் அவரே. உறையைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். அவர் அவ்வாறு செய்ததில்லை. கடையில் கூட்டம் குறையும்வரை என்னை உட்கார வைப்பார். பிறகு 36 படங்களையும் கண்ணாடி மேசையின் மீது பரப்புவார். நெடுநேரம் பேசமாட்டார். பின்னர் ஒரு படத்தைத் தொட்டு, "இதை எடுக்கும்போது எங்கே நின்றாய்?" என்பார். இன்னொன்றைத் தொட்டு, "இதற்குப் பக்கத்தில் என்ன இருந்தது? ஏன் விட்டுவிட்டாய்?" என்பார். நல்ல படம், மோசமான படம் என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ஆனால் அடுத்த சுருளை மாட்டும்போது அவருடைய கேள்விகள் என் காதில் ஒலிக்கும்.

கடவுச்சீட்டுக்கும் தேர்வு விண்ணப்பத்திற்கும் உரிய கறுப்பு வெள்ளைப் படங்களை அவர் தம் இருட்டறையிலேயே அச்சிடுவார். ஓரிரு முறை என்னையும் உள்ளே நிற்க அனுமதித்தார். சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் உள்ள கரைசலில் வெள்ளைத் தாள் மிதக்கும். சற்று நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு முதலில் தலைமுடி, அடுத்துக் கண்கள், அதன்பின் முகம் என்று ஒரு மனிதர் மெல்ல மெல்லத் தோன்றுவார். அவசரப்பட்டு எடுத்தால் படம் வெளிறிவிடும், காலந்தாழ்த்தினால் கறுத்துவிடும். இளைஞர் ஒருவரை வளர்ப்பதும் அப்படித்தான் என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

நான் ஒளிப்படக் கலைஞன் ஆகவில்லை, தமிழாசிரியன் ஆனேன். ஆயினும் ஒரு சங்கப் பாட்டைப் படிக்கும்போது, புலவர் எங்கே நின்று இதைக் காண்கிறார், எதை விட்டுவிட்டார் என்று கேட்கும் வழக்கம் அந்தக் கண்ணாடி மேசையிலிருந்து வந்ததே. பொழுதுபோக்கு வாழ்க்கைக்கு உதவாது என்போர் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

நன்னூல் காட்டும் கணக்கு

வழிகாட்டுதலைப் பற்றிப் பேச நாம் வெளியே தேடிச் செல்ல வேண்டியதில்லை. பவணந்தி முனிவரின் நன்னூலில் பொதுப்பாயிரம் ஆசிரியரையும் மாணவரையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆசிரியர் ஆகாதவர்க்கு அது நான்கு உவமைகள் கூறும். கழற்சிக்காய் நிரப்பிய குடம், மடல் நிறைந்த பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்பன அவை. ஒளிப்படம் பழக வரும் இளைஞர் சந்திக்கும் வழிகாட்டிகளோடு இவற்றைப் பொருத்திப் பார்த்தேன். பொருத்தம் வியப்பூட்டுகிறது.

கழற்குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட முறைப்படி வெளிவருவதில்லை, கண்டபடி கொட்டும். முதல் நாளிலேயே துளையளவு, திரை வேகம், வில்லையின் குவியத் தொலைவு என்று தமக்குத் தெரிந்தவை அனைத்தையும் முறையின்றிக் கொட்டும் வழிகாட்டி இத்தகையவர். மடற்பனை நாமாக அணுகிப் பறிக்க இடம் கொடாது. தானே உதிர்த்தால் பொறுக்கிக்கொள்ள வேண்டும். புகழ்பெற்ற பின் இளையோரை அருகில் சேர்க்காத கலைஞர் மடற்பனை. பருத்திக் குண்டிகையிலிருந்து பஞ்சைச் சிறிது சிறிதாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். தொழில் நுட்பத்தைத் தம் மகனுக்கென்று மறைத்து வைப்பவர் இவ்வகை. வளைந்த தென்னைக்கு நீர் வார்ப்பவர் ஒருவர். காய் விழுவது மற்றொருவர் வீட்டில். மாணவர் அலைந்து எடுத்த படத்தை அவர் பெயரில்லாமல் நாட்காட்டியிலும் விழா மலரிலும் அச்சிட்டுப் புகழை வேறொருவர் பெறும் வழக்கம் முடத்தெங்கு அல்லாமல் வேறென்ன?

அந்நூல் மற்றொரு கணக்கும் கூறுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்கு உள்வாங்கினாலும் ஒருவர் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். மீதமுள்ள அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால்தான் நிரம்பும். எவ்வளவு சிறந்த வழிகாட்டியாக இருந்தாலும் அவர் தரக்கூடியது நான்கில் ஒன்றுதான் என்று நம் இலக்கணம் அடக்கத்தோடு கூறுகிறது. ஆகவே வழிகாட்டியின் கடமை மூன்று. தம் காற்பங்கைக் குறைவறத் தருவது முதலாவது. மாணவர் தம்முள் கூடிப் பழக இடம் அமைப்பது இரண்டாவது. கற்றவர் தமக்கு இளையவருக்குக் கற்பிக்க வாய்ப்பளிப்பது மூன்றாவது. முதலாவதோடு நின்றுவிடுவதே நம்மில் பலர் செய்யும் பிழை.

உலகோர் வழி

உலக வழக்கிலும் இதற்குச் சான்றுகள் உள. இந்திய ஒளிப்படக் கலையில் தனியிடம் பெற்ற ரகு ராய், 1942இல் பிறந்தவர். கட்டடப் பொறியியல் பயின்றவர். அவரை இத்துறைக்குக் கொண்டுவந்தவர் அவருடைய தமையனாரும் ஒளிப்படக் கலைஞருமான எஸ். பால். சிற்றூர் ஒன்றில் இளைய தம்பி எடுத்த ஒரு கழுதைக் குட்டியின் படத்தைத் தமையனார் இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு அனுப்பினார், அது வெளியாயிற்று. தம்பி கழுதைக் குட்டியின் பின்னால் திரிந்ததை வீண் வேலை என்று அவர் தள்ளியிருக்கலாம். அவர் படத்தை நின்று பார்த்தார். அந்தப் பார்வையே ஒரு வாழ்வின் திசையை மாற்றியது.

அமெரிக்கரான வெண்டி இவால்டு என்னும் பெண்மணி, 1970களின் நடுவில் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில் பள்ளிச் சிறுவர்களுக்குக் கேமராவைப் பழக்கினார். தங்களையும், குடும்பத்தாரையும், வளர்ப்பு விலங்குகளையும் படமெடுக்கச் சொன்னதோடு, தங்கள் கனவுகளையும் படமாக்கச் சொன்னார். அந்தப் படங்கள் 1985இல் நூலாக வெளிவந்தன. பின்னர் நம் குஜராத்தில் விச்சியா என்னும் சிற்றூரிலும் அவர் சிறுவர்களோடு இப்பணியைச் செய்தார். வழிகாட்டி தம் கனவைச் சிறுவர்மீது சுமத்தாமல் அவர்களுடைய கனவைக் கேட்டார் என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய பாடம்.

வங்கதேசத்தில் ஷஹிதுல் ஆலம் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், கேமராவைக் கையிலெடுத்தவர். அவர் 1989இல் டாக்காவில் 'திரிக்' என்னும் ஒளிப்பட நிறுவனத்தையும், 1998இல் 'பாட்சாலா' என்னும் ஒளிப்படப் பள்ளியையும் நிறுவினார். 1994இல் உழைக்கும் வர்க்கத்துச் சிறுவர் சிலரைக் கூட்டி அவர்களுக்கு ஒளிப்படம் பழக்கும் முயற்சியும் திரிக்கில் தொடங்கியது. ஏழைச் சிறுவன் படத்தில் இடம்பெறுபவனாக மட்டுமே இருந்த நிலை மாறி, படமெடுப்பவனாக ஆனான்.

நம் தமிழகத்தில் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமாரை இங்குக் குறிப்பிட வேண்டும். மீன் விற்ற தாயின் மகன் அவர். மலக்குழித் தொழிலாளர் நிலையைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதின் முதல் விருதாளர். தாம் உயர்ந்ததோடு நின்றுவிடாமல், தூய்மைப் பணியாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒளிப்படம் கற்றுக்கொடுத்து வருகிறார். நன்னூல் கூறிய அந்த அரைப்பங்கை நிறைவு செய்யும் வழி இதுவே என்றால் மிகையாகாது.

பெரியோர் ஐயங்கள்

நம் சமுதாயப் பெரியோர்களுக்கு இப்பொருளில் சில ஐயங்கள் உண்டு. அவற்றை மழுப்பாமல் எதிர்கொள்வதே மரியாதை.

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீண்ட காலமாக இருந்து வருகிறது. தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஹஜ்ஜுக்குச் செல்லவும் படம் ஒட்டிய கடவுச்சீட்டு வேண்டியிருக்கிறது என்பதையும், ஒளிப்படம் நம் அன்றாட வாழ்வில் கலந்துவிட்டது என்பதையும் மட்டும் நினைவூட்டுவேன். ஒளியையும் பார்வையையும் ஆராய்ந்தோரில் முதன்மையானவர் நம் முன்னோரே. பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி நிகழ்கிறது என்று தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் விளக்கினார். ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் இருண்ட பக்கத்துச் சுவரில் தனித்தனியே விழுவதைக் காட்டினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டுமே மறையும். ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டு ஒளி ஆண்டாக அறிவித்த 2015இல் அவருடைய ஆயிரமாண்டுப் பங்களிப்பு உலகெங்கும் நினைவுகூரப்பட்டது. முன்னோர் எழுதியதையும் கேள்விக்கு உட்படுத்திப் பார்ப்பவனே உண்மையை நாடுபவன் என்னும் கருத்தை வேறொரு நூலில் அவர் வலியுறுத்தினார். மாணவரைக் கேள்வி கேட்கவிடும் வழிகாட்டிக்கு இதைவிடச் சிறந்த முன்னோடி யார்?

உயிருள்ளவற்றைப் படமெடுக்க விரும்பாத இல்லத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எங்கள் துறையில் இருந்தார். 'வீட்டில் இல்லாதவர்' என்று ஒரு வாரம் தலைப்புக் கொடுத்தோம். அவர் வாசற்படியில் இருந்த ஒரு சோடிச் செருப்பைப் படமெடுத்து வந்தார். சவூதியில் பணிபுரியும் வாப்பா விடுமுறைக்கு வரும்போது மட்டும் அணிவது அது. வெள்ளிதோறும் உம்மா அதைத் துடைத்து வைப்பாராம். அந்த ஒரு படத்தைப் பார்த்து வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. அவ்வகுப்பில் வளைகுடாவில் தந்தையர் இருந்த பிள்ளைகள் பலர். வரம்பு கலைக்குத் தடையாகும் என்று யார் சொன்னது?

இரண்டாவது ஐயம் பெண் பிள்ளைகளின் கண்ணியம் பற்றியது. இவ்வச்சம் நியாயமானது. கைப்பேசிப் படம் ஒரு நொடியில் ஊரெல்லாம் சுற்றுகிறது. எனவே, ஒருவரின் இசைவின்றி அவரைப் படமெடுக்கலாகாது. எடுத்தாலும் இசைவின்றி வெளியிடலாகாது. வேண்டாம் என்றால் அக்கணமே அழித்துவிட வேண்டும். இதுவே முதற்பாடம். பெரியோர் கூறும் நாணமும் நல்ல ஒளிப்படக் கலைஞர் கூறும் அறமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. பாடம் புகட்டாமல் கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பிள்ளைகளைப் பழிப்பது முறையாகாது. வழிகாட்டுவோரும் வரம்பு பேண வேண்டும். கூடுகை கதவு திறந்த அறையில், பலர் நடுவில் நடக்க வேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க உரிமை உண்டு.

மூன்றாவது ஐயம் இதனால் வயிறு நிறையுமா என்பது. சிலருக்கு நிறையலாம், பலருக்கு நிறையாது. ஆனால் பிழைப்பாக மாற்ற வேண்டும் என்று தொடக்கத்திலேயே நெருக்கினால், உள்ள ஆர்வமும் வற்றிவிடும்.

நாங்கள் செய்து பார்த்தது

அந்தத் திருமண வீட்டுச் சந்திப்பிற்குப் பிறகு, எங்கள் துறையில் வாரம் ஒரு நாள் மாலையில் ஒரு மணி நேரம் மாணவர் சிலரைக் கூட்டினேன். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஒரு வகுப்பறை, ஒரு நீண்ட மேசை, அவ்வளவே. வாரத்திற்கு ஒரு தலைப்பு. பத்துப் படங்களுக்கு மேல் எடுக்கலாகாது. அவற்றுள் மூன்றைத் தேர்ந்து அச்சிட்டு வர வேண்டும். கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிவிடுவதுபோல் தாளைத் தள்ளிவிட முடியாது என்பதாலேயே அச்சு. எடுத்தவர் முதலில் பேசலாகாது; மற்றவர்கள் தாம் காண்பதைச் சொல்வர். நான் கடைசியில்தான் பேசுவேன். அதுவும் கேள்வியாகவே பேசுவேன். படத்தில் உள்ளவருக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தமிழ் மாணவர்களாதலால் அகத்திணை மரபும் எங்களுக்குக் கைகொடுத்தது. முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் படத்தில் தெரிகின்றனவா? கருப்பொருளாகிய மரமும் பறவையும் தொழிலும் அந்நிலத்திற்கு உரியனவா? உரிப்பொருளாகிய உணர்வு எது? இம்மூன்று கேள்விகளும் மாணவர்க்கு எளிதில் பிடிபட்டன. நெய்தலுக்குரிய சிறுபொழுதாகிய எற்பாட்டைக் கதிரவன் சாயும் நேரம் என்று பலர் பொருள் கொள்வர். அச்சாய்வெயிலில் கடற்கரை மணலின் ஒவ்வொரு மேடும் நிழலோடு எழுவதைக் கண்ட மாணவர்க்கு, இலக்கணம் மனப்பாடப் பகுதியாக இல்லாமல் போயிற்று.

கடல் தொழில் செய்யும் ஒருவரின் மகன், தந்தை வலை பழுதுபார்ப்பதைப் படமெடுத்து வந்தார். பத்தும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. எனக்கு ஸ்டூடியோ மாமாவின் குரல் நினைவுக்கு வந்தது. "வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் என்ன தெரியும்?" என்று கேட்டேன். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த படத்தில், வலையை இழுத்துப் பிடித்திருந்தது தந்தையின் கால் பெருவிரல். கையில் ஊசியும் நூலும். காலில் வலையின் இறுக்கம். "இருபது வருடமாக வாப்பாவைப் பார்க்கிறேன் சார், இதை நான் பார்த்ததே இல்லை" என்றார் அம்மாணவர். அந்தப் படம் எப்போட்டிக்கும் போகவில்லை. அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

தவறுகளும் நேர்ந்தன. ஓராண்டு ஆர்வமிகுதியால் ஐவரின் படங்களைப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசு பெற்றவர் அதன்பின் அதே போன்ற படத்தையே திரும்பத் திரும்ப எடுக்கலானார். பெறாத நால்வரில் மூவர் கூடுகைக்கு வருவதை நிறுத்திக்கொண்டனர். பரிசு தீதன்று. ஆனால் வேர் பிடிக்குமுன் கனியைக் கேட்டது என் குற்றம். அதன்பின் இரண்டாண்டு பழகிய மாணவர்கள், தாமாகக் கேட்டாலன்றி, எந்தப் போட்டிக்கும் நான் அனுப்புவதில்லை. மூன்றாமாண்டு மாணவர்கள் முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினோம். அப்போதுதான் கற்பித்தவர்களின் படங்களில் மெய்யான வளர்ச்சி தெரிந்தது. நன்னூலார் கணக்குப் பொய்க்கவில்லை.

என் வேண்டுகோள்

இம்மலரைக் கையில் ஏந்தும் பெரியோர்களே! உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒரு படத்தையோ, ஓவியத்தையோ, கவிதையையோ கொண்டுவந்து காட்டினால், உடனே பாராட்டவும் வேண்டாம், படிப்பை நினைவூட்டவும் வேண்டாம். மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு சற்று நேரம் பாருங்கள். பின்னர் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குச் செலவேதும் இல்லை.

நம் ஊர்களில் ஸ்டூடியோ நடத்தி, காலமாற்றத்தால் கடையை மூடிவிட்ட மூத்தவர்கள் பலர் உள்ளனர். ஒளியை நாற்பதாண்டு கைக்குள் வைத்திருந்தவர்கள் அவர்கள். கல்லூரிகள் அவர்களை மாதம் ஒருமுறை அழைத்து மாணவர் நடுவில் அமர்த்தினால், அவர்களுக்கும் பெருமை, மாணவர்க்கும் பேறு. கல்லூரித் தாழ்வாரத்தில் ஒரு சுவரை மாணவர் படங்களுக்கென ஒதுக்குவதும், அதில் எடுத்தவர் பெயரைத் தவறாமல் எழுதுவதும் நிருவாகத்தினர்க்கு அரிய செயல்கள் அல்ல.

ஆசிரிய நண்பர்களே! நாம் எல்லாக் கலையும் அறிந்தவர்கள் அல்லர். இளைஞருக்கு வழிகாட்ட அக்கலையில் வல்லவராக இருக்க வேண்டுமென்பதில்லை. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்திருந்தால் தொடங்கலாம். நமக்கு மிஞ்சியவற்றுக்கு வல்லவரிடம் அழைத்துச் செல்லலாம்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒன்று சொல்வேன். பார்ப்பார் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். ஒருவர் பாராமல் போனால் இன்னொருவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு மூத்தோரின் கைவேலையை, அவர்கள் இருக்கும்போதே படமெடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்டு ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்டூடியோ மாமா இன்று இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்குப் பணமேற்றும் கடை நடக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி மேசை என் நினைவுக்கு வரும். அதனோடு சேர்ந்து, என் மேசையருகே கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்ற அந்த மாணவியும் நினைவுக்கு வருவார். ஒருவரிடம் நான் பெற்றதை மற்றவருக்குக் கொடுக்காமல் விட்டேன். அந்தக் கடனைத்தான் வாரந்தோறும் ஒரு மணி நேரமாகச் செலுத்தி வருகிறேன். இன்ஷா அல்லாஹ், இதைப் படிப்போரில் ஒருவரேனும் அடுத்த வாரம் அப்படி ஒரு மேசையருகே அமர்வாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.